இமயமலைக்கு சைக்கிளில் போகிறீர்களா? முதலில் லீவு, அப்புறம் சைக்கிள்!

சென்னை —

கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலை சைக்கிள் மிதிக்கும் இளைஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். பத்து பேரில் இரண்டு பேர் ஒரே பாட்டைப் பாடுவார்கள்.

"ஒரு தடவை இமயமலைக்கு சைக்கிள்ல போயிட்டு வந்துடணும், சார்!"

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் ஆசைப்பட்டவுடன் அவர்கள் முதலில் ஓடுவது சைக்கிள் கடைக்கு. அங்கே ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று எடுத்து வைப்பார்கள். கடைசியாக ஆபீசுக்கு வந்து லீவு கேட்பார்கள். ஒன்பது நாள் கிடைக்கும். ஒன்பது நாளில் பயணத்தை முடிக்கத் திட்டம் போடுவார்கள்.

தப்பு அங்கேதான் ஆரம்பம்!

மலையில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் சைக்கிள் அல்ல. நாள் போதாமை! இது எப்படி என்பதைப் பார்ப்போம்.

எந்தப் பாதை?

முதல் தடவையாக நீண்ட மலைப் பாதையில் போக நினைப்பவர்கள் பலரும் சொல்லும் பெயர் ஸ்பிதி. இமாசலப் பிரதேசத்தில், திபெத் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு அது. மழை மறைவுப் பிரதேசம். மரம் மட்டை கிடையாது. குளிர்ப் பாலைவனம்.

சிம்லாவில் புறப்பட்டு, சட்லெஜ் நதிக் கரையோடு கின்னௌர் போய், நாகோ, தாபோ வழியாகக் காசா என்ற ஊரை அடைய வேண்டும். தாபோவில் கி.பி. 996-ல் கட்டிய புத்த மடம் இன்றும் இருக்கிறது. காசாவில் இருந்து லோசர், குன்சம் கணவாய், பாட்டல், சத்ரு, ரோதங் கணவாய் என்று ஏறி இறங்கினால் மணாலி.

மொத்தம் சுமார் 600 கிலோ மீட்டர். பாதி தார், பாதி மண், மீதி கல்! அதிலும் குன்சம் தாண்டிய பிறகு வரும் 50, 60 கிலோ மீட்டர் பாதை முழுவதும் உருட்டுக் கல்லும் ஓடையும்தான்.

"அறுநூறு கிலோ மீட்டர்தானே? ஒரு நாளைக்கு நூறு போட்டா ஆறு நாள்ல முடிஞ்சுது!" என்று கணக்குப் போடுபவர் உண்டு. அவர் மகாபலிபுரம் கணக்கைப் போடுகிறார். மலையின் கணக்கே வேறு.

காற்று

குன்சம் கணவாயின் உயரம் 4,551 மீட்டர். அதாவது சுமார் 15 ஆயிரம் அடி!

தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா. அதன் உயரமே 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டா தலையில் பரங்கிமலையைப் பத்துப் பன்னிரண்டு தடவை அடுக்கினாலும் குன்சம் எட்டாது.

அவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம், மெரினாவில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போகும் பிராணவாயு அந்த அளவுதான்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சை வேகமாக்கும். ரத்தத்தை மாற்றி அமைக்கும். ஆனால் அதற்கு நாள் வேண்டும்! சென்னையில் எத்தனை மாதம் மிதித்தாலும் இந்தப் பழக்கம் வராது. மலைக்குப் போய், அங்கே படுத்து எழுந்தால்தான் வரும்.

மலை மருத்துவம் தெரிந்த டாக்டர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், இரவு படுக்கும் இடம் முதல் நாள் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் ஓய்வு. பகலில் எவ்வளவு ஏறினாலும் சரி. எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

இரண்டு வாசல்

ஸ்பிதிக்கு இரண்டு வாசல். ஒன்று சிம்லா. இன்னொன்று மணாலி.

மணாலி வழி கிட்டே. காசா சுமார் 200 கிலோ மீட்டர்தான். ஒன்பது நாள் லீவுக்காரர்கள் இந்த வாசலில்தான் நுழையப் பார்ப்பார்கள். மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். லோசர் 4,000 மீட்டருக்கும் மேலே. மூன்றே இரவில் 2,000 மீட்டர் ஏற்றம்! உடம்பு பழக நேரமே கிடையாது.

சிம்லா வழி சுற்று. ஆனால் படிப்படியாக ஏறும். சிம்லா 2,200. நார்கண்டா 2,700. பிறகு ராம்பூருக்கு 1,000 மீட்டர் வரை இறங்கி, மறுபடி கல்பாவுக்கு 2,950 மீட்டர் ஏறும். கல்பாவில் ஒரு நாள் ஓய்வு. அடுத்து பூ என்ற ஊரில் ஓர் இரவு.

பூவில் இருந்து நாகோ போவது ஒரே நாளில் 1,000 மீட்டர் ஏற்றம். அதனால் நாகோவில் கட்டாயம் ஒரு நாள் முழு ஓய்வு. தாபோ 3,280 மீட்டர். கொஞ்சம் இறக்கம். உடம்புக்கு நிம்மதி. பிறகு காசா, சுமார் 3,700 மீட்டர். அங்கேயும் ஒரு நாள் ஓய்வு. லோசர், பாட்டல், சத்ரு ஆகிய இடங்களில் ஒவ்வோர் இரவு. பிறகு மணாலி.

எண்ணிப் பார்த்தால் ஓய்வு நாட்கள் உட்பட 15 நாள். சென்னையில் இருந்து டெல்லிக்கு ரயில், அங்கிருந்து கல்கா, சிம்லா, அப்புறம் திரும்பும் பயணம் எல்லாம் சேர்த்து 6 நாள். மண் சரிந்து பாதை அடைத்தால் என்று கையிருப்பாக 1 நாள்.

ஆக மொத்தம் 22 நாள்!

"ஏம்பா, சைக்கிள் ஓட்டவா மூணு வாரம் லீவு?" என்று மேலதிகாரி கண்ணாடிக்கு மேலே பார்க்கத்தான் செய்வார். ஆனால் 22 நாள் கிடைக்காதவர் செய்ய வேண்டியது பாதையைச் சுருக்குவதுதான். ஓய்வு நாளை வெட்டக் கூடாது. சிம்லாவில் இருந்து காசா வரை போய், அங்கிருந்து பஸ்சில் திரும்பினாலும் அது பெரிய பயணமே.

அபாயச் சங்கு

மலை நோய் எப்படி வரும்?

முதலில் தலைவலி. கூடவே குமட்டல், பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை. "நேத்து தண்ணி குடிக்கலை, அதான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். சொல்லிக்கொள்ளாதீர்கள்! உயரத்தில் தலைவலியோடு இந்தக் கோளாறுகளும் சேர்ந்தால், வேறு காரணம் தெரியும் வரை அது மலை நோய்தான். அன்று மேலே ஏறக் கூடாது. அங்கேயே படுக்க வேண்டும்.

அடுத்த கட்டம் ஆளைக் கொல்லும். இரண்டு வகை.

ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இருமல் வரும். சளியில் நுரையும் ரத்தமும் தெரியலாம்.

இன்னொன்று, மூளை வீக்கம். ஆள் உளறுவார். தள்ளாடுவார். சந்தேகம் வந்தால், ஒரு காலின் பெருவிரலை அடுத்த காலின் குதிகால் தொடும்படி நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஆபத்து!

இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே ஒன்று. உடனே கீழே இறக்குவது. ராத்திரியானாலும் சரி, எதிரே வரும் லாரியானாலும் சரி. 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினால் பொதுவாகத் தெளிவு பிறக்கும். பிராணவாயு கிடைத்தால் கொடுக்க வேண்டும். காசாவில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. குன்சம் தாண்டி கிராம்பு வரை ஆஸ்பத்திரி கிடையாது. செல்போனும் பல இடங்களில் வேலை செய்யாது.

இங்கே ஒரு வேடிக்கை. தேகப்பயிற்சி செய்த கட்டுமஸ்தான ஆளுக்கு இது வராது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சலுகையும் கிடையாது. பலசாலிதான் வேகமாக ஏறுவான். வேகமாக ஏறுகிறவனைத்தான் மலை நோய் முதலில் பிடிக்கும்!

அசிட்டாசோலமைடு என்ற மாத்திரை உடம்பு பழகுவதற்குக் கொஞ்சம் கை கொடுக்கும். அதையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 40 வயது தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது. முதல் சில நாள் மது, தூக்க மாத்திரை இரண்டும் கூடாது.

12 வாரம்

நுரையீரலைச் சென்னையில் பழக்க முடியாது. காலைப் பழக்கலாம். அதற்கு 12 வாரம் போதும்.

முதல் 4 வாரம்: ஆபீஸ் நாளில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். ஞாயிறு 40 கிலோ மீட்டரில் தொடங்கி 60 வரை.

அடுத்த 4 வாரம்: சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஓட்ட வேண்டும். ஒரு நாள் ஓட்டுவது பெரிதல்ல. மறுநாள் காலை அதே வலியோடு மறுபடி சீட்டில் உட்காருவதுதான் பாடம்! மகாபலிபுரம் போய்த் திரும்பினால் 110 கிலோ மீட்டர் ஆகும். சென்னையில் மலை இல்லையே என்று கவலை வேண்டாம். பிற்பகலில் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று அடிக்கும். அதுவும் ஒரு மேடுதான்.

கடைசி 4 வாரம்: மூட்டையைக் கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். ஜோலார்பேட்டை வரை ரயிலில் போனால் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவு. சேலத்தில் இறங்கினால் ஏற்காடு, 20 வளைவு. இன்னும் தெம்பு இருந்தால் கொல்லிமலை. 70 வளைவு! கடைசி வாரம் மட்டும் உடம்புக்கு ஓய்வு.

கல் பாதையில் ஓட்டுவதும் தனி வித்தை. ஏரிக்கரைகளில் பழகலாம். காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இறக்கத்தில் சீட்டை விட்டு எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும். சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்துப் பாதையைப் பார்க்க வேண்டும். சரளைக் கல்லில் முன் பிரேக்கைப் பிடித்து நசுக்கினால் ஆள் அப்படியே கைப்பிடிக்கு மேலே பறப்பார்!

பல் சக்கரம்

இனி சைக்கிளுக்கு வருவோம்.

"அண்ணே, கலரைப் பார்க்காதீங்க. பல்லை எண்ணுங்க" என்பார் நல்ல மெக்கானிக். மெத்தச் சரி!

நம் ஊர்ச் சாதாரண சைக்கிளில் ஒரு மிதிக்குச் சுமார் 5 மீட்டர் ஓடும். அதை வைத்துக்கொண்டு குன்சம் ஏற முடியாது. முன்னால் 22 பல், பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிக்கு ஒன்றரை மீட்டர்கூட ஓடாது. மெதுவாகத்தான் போகும். ஆனால் போகும்! மூட்டையோடு அந்த ஏற்றத்தில் மணிக்கு 5, 6 கிலோ மீட்டர் போனாலே பெரிய விஷயம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளலாம். தள்ளுவது கேவலம் அல்ல.

டயர் 2 அங்குலத்துக்குக் குறையாத அகலம் வேண்டும். கல்லு மாதிரி காற்றடிக்கக் கூடாது. கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் பாதையைப் பிடிக்கும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே முழு ஓவராலிங் செய்துவிட வேண்டும். முதல் நாள் செய்யக் கூடாது. புதுக் கேபிள் இழுபடும், புது ஸ்போக்ஸ் தளரும். அதெல்லாம் ஏலகிரியில் தெரியட்டும். ஸ்பிதியில் தெரிய வேண்டாம்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: டியூப் 3, பஞ்சர் ஒட்டும் சாமான், வால்வுக்குப் பொருத்தமான கைப் பம்பு, செயின் கழற்றும் கருவி, செயின் இணைப்பு 2, பிரேக் கட்டை 2 ஜோடி, கேபிள், ஸ்போக்ஸ் சில, திருகாணிகள், எண்ணெய், பிளாஸ்டிக் கட்டு.

இன்னொன்று உண்டு. பலர் மறப்பது! பின் கியரைச் சட்டத்தோடு பிடித்துத் தொங்கவிடும் சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப் பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். முறிந்தால் கியர் போச்சு. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். காசா கடைத்தெருவில் தேடிப் பயனில்லை. வாங்கிய கடையிலேயே ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

பஞ்சர் ஒட்டவும், அறுந்த செயினைக் கோக்கவும் வீட்டு வாசலில் பத்து தடவையாவது பழக வேண்டும். அங்கே கூப்பிட்ட குரலுக்கு மெக்கானிக் கிடையாது. பெட்டியில் கட்டும்போது பெடல் கழற்றத் தெரிய வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ்! வலது பெடல் மாதிரி திருப்பினால் இன்னும் இறுகும்.

குளிரும் சோறும்

பகலில் தோல் உரியும் வெயில். இரவில் எலும்பைக் குத்தும் குளிர். செப்டம்பரிலேயே லோசர், பாட்டல் பக்கம் ராத்திரி தண்ணீர் உறையலாம்.

பருத்திப் பனியன் நம் ஊருக்குச் சரி. அங்கே வேர்வையில் நனைந்தால் காயாது. கணவாயில் காற்றடிக்கும்போது நடுக்கம் எடுக்கும். சீக்கிரம் காயும் துணி ஒன்று, கம்பளி ஒன்று, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை ஒன்று. இப்படி அடுக்கடுக்காகப் போட வேண்டும். கையுறை, கருப்புக் கண்ணாடி, ஹெல்மெட் கட்டாயம். உதட்டுக்கு வாஸ்லின் மறக்க வேண்டாம்.

மூட்டை 12 கிலோவைத் தாண்டக் கூடாது. "இது இருக்கட்டுமே" என்று சேர்க்கும் ஒவ்வொரு கிலோவையும் குன்சத்துக்கு நீங்கள்தான் தூக்க வேண்டும்.

4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது. பசியும் எடுக்காது. ஆனால் சாப்பிட்டே ஆக வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த கடலை மூன்றும் கெடாது, உருகாது, பாரமும் குறைவு. தண்ணீர் நாளுக்கு 3, 4 லிட்டர்.

ஓடை

குன்சம் தாண்டிய பிறகு பாதைக்குக் குறுக்கே ஓடைகள் பாயும். பனி உருகி வரும் தண்ணீர் அது. காலையில் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை முழங்காலுக்கு மேலே சீறும்!

ஆகவே ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிட வேண்டும். விடிந்ததும் புறப்பாடு, பிற்பகலில் தங்கல். கடந்ததும் செயினுக்கு எண்ணெய்.

எப்போது?

குன்சம் பாதை சாதாரணமாக ஜூனில் திறந்து அக்டோபரில் பனியால் மூடும். ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் பக்கமும் மணாலி பக்கமும் மழை, மண் சரிவு. செப்டம்பர் நல்ல மாதம்.

செப்டம்பரில் போக வேண்டும் என்றால் பயிற்சி ஜூன் முதல் வாரம் தொடங்க வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். சைக்கிளை ரயில் நிலையப் பார்சல் ஆபீசில் பதிவு செய்யலாம். லீவு விண்ணப்பம் இதற்கெல்லாம் முன்பே மேஜைக்குப் போய்விட வேண்டும்.

வீட்டிலும் சொல்ல வேண்டும். "காத்துகூட இல்லாத ஊருக்கு எதுக்குடா போறே?" என்று அம்மா கேட்பார். கேள்வி நியாயமானது. பதிலாக ஒரு காகிதத்தை அவரிடம் கொடுங்கள். எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்கல், கூட வருகிறவர் யார், அவர் வீட்டு எண் என்ன, எத்தனை நாள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்று அதில் எழுதி வையுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். மூளை வீங்கியவனுக்குத் தன் மூளை வீங்கியது தெரியாது. பக்கத்தில் ஒருவன் இருந்துதான் சொல்ல வேண்டும்.

கூட்டாளிகள் புறப்படும் முன்பே ஒரு முடிவு செய்துகொள்வது நல்லது. லோசரில் யாருக்காவது தலை வலித்தால் எல்லோருமே நிற்பது. மறுநாளும் தெளியவில்லை என்றால் காசாவுக்குத் திரும்புவது. நோய் முற்றினால் மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இதைச் சென்னையில் காபி குடித்துக்கொண்டு பேசி முடித்துவிட வேண்டும். 4,000 மீட்டரில், கணவாய் கண்ணுக்கு எதிரே நிற்கும்போது, "இன்னும் கொஞ்சம்தானே!" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

குன்சம் அடுத்த வருஷமும் ஜூனில் திறக்கும். லீவும் அடுத்த வருஷம் மறுபடி சேரும்.